மூன்று மாத கோர்ஸா, மூத்தவர் கடையா?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று விஷயம். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குப் போய் வருகிறீர்கள். வீட்டில் மிஷின் வைத்துக்கொண்டு தம்பிமாருக்கும் கூட்டாளிகளுக்கும் முடி வெட்டிப் பழகியிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் மூன்று மாத பார்பர் கோர்ஸுக்கு ஆறாயிரம் வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், கேட்கிறார்கள், அதில் சேரலாமா? சுங்கை சிப்புட் மாதிரி சின்ன ஊரில் கடை போட்டால் பிழைக்க முடியுமா? அம்மா இந்த வேலையே வேண்டாம் என்கிறார், என்ன சொல்வது?

கோர்ஸில் இப்போதைக்குச் சேர வேண்டாம். கடையைப் பற்றி இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்கு யோசிக்கவும் வேண்டாம். ஏன் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், அப்புறம் மற்றதைப் பேசுவோம்.

நம் ஊர்ப் பக்கம் பெரியவர் தலைக்கு 12 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைக்கு வாடகை 900, கரண்டும் தண்ணீரும் 250, பிளேடு, பவுடர், துண்டு துவைக்கிற செலவு 150, லைசென்ஸ், சில்லறைச் செலவு 100, கடன் வாங்கியிருந்தால் மாதத் தவணை 400. மொத்தம் 1,800. இதைக் கட்ட மட்டும் மாதம் 150 தலை வேண்டும். உங்கள் கைக்கு 3,000 வெள்ளி வர வேண்டுமென்றால் இன்னொரு 250 தலை. ஆக 400. மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளுக்குப் பதினைந்து பதினாறு பேர். முடி மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும், அதனால் சாதாரணமாக வெட்டிக்கொள்கிற ஆள் மாதம் ஒரு தடவைதான் நாற்காலியில் உட்காருவார். பக்கத்தில் ஒட்ட வெட்டி மேலே போகப் போக நீளம் விடுகிற ஃபேடு வெட்டுகிற பையன்கள் இரண்டு வாரத்தில் வருவார்கள், ஆனால் கையில் காசு இல்லையென்றால் அவர்களும் தள்ளிப்போடுவார்கள். எனவே உங்களைத் தேடித் திரும்பி வருகிற முந்நூறு நானூறு பேர் இருந்தால்தான் கடை ஓடும். கோர்ஸ் உங்களுக்கு ஒரு சர்டிபிகேட் கொடுக்கும், இந்த நானூறு பேரைக் கொடுக்காது. கை தேர்ந்த ஒருவர் கடையில் நின்றால்தான் இரண்டும் ஒன்றாக வரும், வித்தையும் ஆளும்.

அப்படி நிற்க இடம் கிடைக்குமா என்றால், இப்போது போல் எப்போதும் கிடைத்ததில்லை. முன்பெல்லாம் இந்தியர் முடிதிருத்தும் கடைகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுத்தே ஓடின. 2009இல் முடிதிருத்தும் கடை, நகைக்கடை, ஜவுளிக்கடை மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியது. வயதானவர்கள் ஊர் திரும்பினார்கள், புது ஆள் வரவில்லை, பல ஊரில் மூன்று நாற்காலிக் கடை ஒரு நாற்காலிக் கடையானது. 2023இல் மூன்று துறைக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி என்று அறிவித்தார்கள். நாடு முழுக்கப் பங்கு போட்டால் ஒரு சின்ன ஊருக்கு என்ன மிஞ்சும்? அதனால் நம் பையன் ஒருவன் வந்து “தொழில் கற்றுக்கொள்கிறேன், நின்று வேலை செய்கிறேன்” என்றால் எந்த முதலாளியும் விரட்ட மாட்டார். அவர் சந்தேகப்படுவது ஒன்றைத்தான். மூன்று மாதத்தில் ஓடிவிடுவானோ என்று. ஏனென்றால் பெரும்பாலோர் ஓடித்தான் போகிறார்கள். முதல் மாதங்களில் தரை கூட்ட வேண்டும், துண்டு துவைக்க வேண்டும், வெந்நீர் வைக்க வேண்டும். யூடியூபில் அதையெல்லாம் காட்ட மாட்டார்கள்.

சரி, அங்கே என்ன கற்க வேண்டும்? மிஷின் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்கிறீர்கள். அதைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டுக் கத்திரியைப் பிடியுங்கள். ஆறு அல்லது ஏழு அங்குலக் கத்திரி. மோதிர விரல் ஒரு வளையத்தில், பெருவிரல் நுனி மட்டும் இன்னொரு வளையத்தில். வெட்டும்போது அசைய வேண்டியது பெருவிரல் ஒன்றுதான், மற்ற விரல்கள் அசையக் கூடாது. இடது கையில் சீப்பை மேல்நோக்கி நகர்த்திக்கொண்டே, சீப்புக்கு மேல் எட்டிப் பார்க்கிற முடியைக் கத்திரி வாங்கிக்கொண்டே போக வேண்டும். சீப்பு நின்றால் அந்த இடத்தில் படி விழும். வீட்டில் டிவி பார்க்கும்போது வெறும் கத்திரியையும் சீப்பையும் பிடித்துக்கொண்டு இதைச் செய்து பழகுங்கள், தலையே தேவையில்லை. இது கைக்கு வந்தவன் எந்த மிஷினையும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வான். மிஷின் மட்டும் தெரிந்தவன், வயதானவர் ஒருவர் வந்து “மிஷின் வைக்காதே தம்பி, கத்திரியில் ஒதுக்கிவிடு” என்றால் முழிப்பான். தோட்டத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்பார்கள்.

மிஷின் பல்லின் மேல் மாட்டுகிற சீப்பைத்தான் கார்டு என்பார்கள்; நம்பர் 1 கார்டு 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்கக்கூடியது, நம் ஆட்களின் முடி கறுத்து அடர்ந்திருப்பதால் ஃபேடில் ஒரு கோடு விட்டாலும் பளிச்சென்று தெரியும் என்பது. கார்டுக்குக் கார்டு தாவாமல் மிஷின் பக்கவாட்டில் இருக்கிற லிவரை மெல்ல மெல்லத் திறந்து மூடி அந்தக் கோட்டை அழிக்கப் பழக வேண்டும். சுருட்டை முடியை ஈரத்தில் வெட்டினால் காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறிவிடும், ஆகவே கொஞ்சம் நீளம் கூடுதலாகவே விட்டு வெட்டுங்கள். உச்சியில் இரட்டைச் சுழி இருக்கிறவனுக்கு அந்த இடத்தை ஒட்ட வெட்டினால் முடி முள் மாதிரி நிற்கும், அங்கே அரை அங்குலமாவது கூடுதலாக விடுங்கள். இதெல்லாம் கோர்ஸிலும் சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் தினமும் பத்துத் தலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கண்ணில் தங்கும்.

எண்ணெய்த் தலையையும் சொல்லியாக வேண்டும். காலையில் தேங்காய் எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டு நேரே கடைக்கு வருவார்கள் நம் ஆட்கள். அப்படியே மிஷின் போட்டால் பல்லில் எண்ணெயும் முடியும் சேர்ந்து அப்பிக்கொள்ளும், அப்புறம் முடியை வெட்டாது, பிடுங்கும். முதலில் தலையைக் கழுவிவிடுங்கள், அல்லது சூடான ஈரத்துண்டால் இரண்டு தடவை அழுத்தித் துடையுங்கள். துடைக்கிற சாக்கில் விரலை உச்சி முதல் பிடரி வரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மரு, பழைய தழும்பு, கட்டி, படர்தாமரை எல்லாம் அந்தத் தடவலில் தெரிந்துவிடும். மருவின் மேல் மிஷின் ஓட்டி ரத்தம் வரவழைத்தவனிடம் அந்த ஆள் மறுபடி வரவே மாட்டார்.

சவரம் தனி வித்தை. பலூனை ஊதி, சோப்பு நுரை தடவி, வெடிக்காமல் வழித்துப் பழகுவது பழைய பயிற்சி, இன்றைக்கும் அதைவிட நல்ல பயிற்சி இல்லை. கத்தியைத் தோலோடு ஏறத்தாழ முப்பது டிகிரி சாய்த்து, இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி போகிற திசையிலேயே முதலில் இழுக்க வேண்டும். பிளேடு ஒரு ஆளுக்கு ஒன்று. வாடிக்கையாளர் பார்க்கும்போதே புது பிளேடைப் பிரியுங்கள், முடிந்ததும் அவர் கண்ணெதிரே டப்பாவில் போடுங்கள். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். பழைய கடைகளில் ஒரே படிகாரக் கல்லை எல்லார் கன்னத்திலும் தேய்ப்பார்கள், அந்தப் பழக்கத்தை எங்கே பார்த்தாலும் கற்றுக்கொள்ளாதீர்கள். படிகாரத்தைப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்து ஆளுக்கொரு பஞ்சில் ஒற்றலாம். சீப்பையும் கத்திரியையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம்தான் கிருமிநாசினியில் போட வேண்டும். பார்பிசைடு மாதிரி நீல மருந்தென்றால் பத்து நிமிடம் முழுக ஊற வேண்டும். நனைத்து உடனே எடுப்பது வெறும் காட்சிக்குத்தான். உங்கள் வயதுக்காரர்களுக்குக் குழந்தையிலேயே ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்டிருப்பார்கள், 1989 முதல் நாட்டில் அது வழக்கம். இருந்தாலும் கிளினிக்கில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கழுத்தில் சொடக்கு எடுக்கிற விஷயமும் உண்டு. இந்தியர் கடை என்றாலே அதற்காகவே மலாய்க்காரர், சீனர் எல்லாம் வருவார்கள், ஒரு திருப்புத் திருப்பினால் ‘டக்’ என்று சத்தம் கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. தயவுசெய்து செய்யாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புக்குள்ளேதான் ஏறிப்போகின்றன. வேகமாகத் திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரைக்கும் போகலாம். தலையையும் தோளையும் பிடித்துவிடுங்கள், அது போதும். கேட்டால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

இனி சர்டிபிகேட். முடி வெட்டுகிற ஆளுக்கென்று தனி உரிமம் நம் நாட்டில் தேவையில்லை, கடைக்குத்தான் உரிமம். ஆனாலும் எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை ஒரு நாள் எடுத்து வையுங்கள். 2006ஆம் ஆண்டின் 652ஆம் சட்டப்படி திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜேபிகே, அதைக் கொடுக்கிறது. மூன்றாம் நிலைக்கு மேல் டிப்ளோமாவும் உண்டு. இதற்கு மூன்று வழி. ஒன்று, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் முழுநேரமாகப் படிப்பது. இரண்டாவது எஸ்எல்டிஎன், வேலையிடத்திலேயே பெரும்பகுதி கற்று, மீதியை வகுப்பில் கற்கும் முறை. மூன்றாவது பிபிடி, ஏற்கெனவே தொழிலில் இருப்பவரின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுப்பது. என் யோசனை மூன்றாவது. இரண்டு மூன்று வருடம் கடையில் நின்றுவிட்டு, செய்த வேலைகளைப் படம் எடுத்து, தேதி போட்டுக் கோப்பாக வைத்திருந்தால் அதில் போகலாம், செலவும் குறைவு. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று யோசனை இருந்தாலும், பிற்பாடு நீங்களே பயிற்சி கொடுக்கப் போனாலும் அந்தத் தாள் உதவும். கோலாலம்பூர் கோர்ஸ்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் மையத்துக்கு ஜேபிகே அங்கீகாரம் இருக்கிறதா, திறன் பயிற்சிக்குக் கடன் கொடுக்கிற பிடிபிகேயில் கடன் கிடைக்குமா?” சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் உங்கள் ஆறாயிரம் அவர்கள் சொந்தமாக அச்சடித்த ஒரு தாளுக்குத்தான் போகிறது.

சம்பளம் கடைக்குக் கடை மாறும். கற்கிற காலத்தில் சொற்பமாகக் கொடுத்துச் சாப்பாடு போடுவார்கள், கை தேறியதும் பாதிக்குப் பாதி கமிஷன், சில இடத்தில் அறுபதுக்கு நாற்பது. 12 வெள்ளியில் பாதி, நாளுக்குப் பதினைந்து தலை, மாதம் 26 நாள் என்றால் 2,340 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025இலிருந்து 1,700 ஆகிவிட்டது, அதைவிடக் குறைவாக எவ்வளவு காலம் நிற்கப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே முதலாளியிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் ‘இன்னும் கை வரவில்லை’ என்றே ஒரு வருடம் ஓட்டிவிடுவார்கள். ஓய்வுக்காலத்துக்கான சேமநிதியும், வேலையில் அடிபட்டால் கைகொடுக்கிற சொக்சோவும் கட்டுவாரா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கட்டவில்லையென்றால் நீங்களே சேமநிதியில், சொந்தமாகச் சம்பாதிப்பவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்தில் போட்டு வாருங்கள், போடுவதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 வெள்ளி வரை அரசாங்கம் சேர்க்கிறது. தொழிற்சாலை வேலையை உடனே விட வேண்டாம். ஷிப்ட் ஒத்துவந்தால் முதல் சில மாதம் லீவு நாளில் கடைக்குப் போய் நில்லுங்கள், பிடித்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

நம் ஊரில் பிழைக்க முடியுமா என்றால், முடியும், ஆனால் ஊரின் நாடி தெரிய வேண்டும். சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் ஏழுக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் மோட்டாரிலும் லாரியிலும் டவுனுக்கு இறங்குவார்கள். இன்றைக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி. அந்தச் சம்பள ஞாயிறு ஒரே நாளில் முப்பது தலை போகும், இருபதாம் தேதிக்கு மேல் ஈ ஓட்டுவீர்கள். செவ்வாய், வெள்ளியில் நம் ஆட்கள் தலையில் கத்தி வைக்க மாட்டார்கள், அன்று மலாய்க்காரர்தான் கடையைக் காப்பாற்றுவார். தைப்பூசத்துக்கு முன் விரதம் இருப்பவர்கள் தாடியோடு திரிவதால் வேலை குறையும், பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் மொட்டை போட ஆள் போதாது. தோட்டத்துக் கோயில் திருவிழா, குழந்தைக்கு முதல் முடி இறக்குவது என்று தனியாகக் கூப்பிடுவார்கள். அழுகிற குழந்தையை மடியில் வைத்து மொட்டையடிக்கத் தெரிந்தவனுக்கு அந்தக் குடும்பமே வாடிக்கையாகிவிடும். தீபாவளி, நோன்புப் பெருநாள், பள்ளி திறக்கிற வாரம் மூன்றுக்கும் லீவு என்ற நினைப்பே வேண்டாம்.

மலாய் மொழியில் நன்றாகப் பேசப் பழகுங்கள். பையன்கள் ‘ஸ்லோப்’ என்று கேட்டால் பக்கத்தில் சரித்து ஏற்றச் சொல்கிறார்கள். ‘பெண்டேக்’, அதாவது குட்டையாக, என்று கேட்டால் எவ்வளவு குட்டை என்று விரலால் காட்டச் சொல்லிவிட்டுத்தான் மிஷினைத் தொட வேண்டும். இன்றைக்குப் போட்டி நம்மவர் கடையிலிருந்து வரவில்லை. ஏர்கோனும் பாட்டும் போட்டு, இருபது இருபத்தைந்து வெள்ளி வாங்கிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் நேரம் குறித்துக்கொடுக்கிற மலாய் இளைஞர்களின் பார்பர் ஷாப்புகள்தான் போட்டி. அவர்கள் ஃபேடில் கெட்டிக்காரர்கள். சவரத்திலும், கத்திரி வேலையிலும், வயதானவர்களிடமும் நாம் கெட்டி. இரண்டையும் ஒருவனே கற்றால் இந்த ஊரில் அவன் நாற்காலி காலியாக இருக்காது.

அம்மாவுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாமலே புரிகிறது. என் அப்பா தோட்டத்தில் இதே தொழில் செய்தவர். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு ஸ்டூல், ஒரு கண்ணாடி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று சம்பளத்தன்று வாங்கிக்கொள்வார். பிறப்புக்கும் இறப்புக்கும் அவரைக் கூப்பிடாமல் முடியாது, ஆனால் தண்ணீர் கேட்டால் தனி டம்ளரில் கொடுத்தவர்களும் இருந்தார்கள். உங்கள் அம்மா அந்தக் காலத்தைப் பார்த்தவர், மகன் அதில் போய் நிற்பதா என்று நினைக்கிறார். அவரோடு வாதாடாதீர்கள். மாத வருமானத்தைக் கையில் கொடுங்கள், ஒரு நாள் கடைக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். சாதியை இழுத்துப் பேசுகிற சொந்தக்காரர் எவராவது இருந்தால், அவர் பையனுக்கு ஃபேடு எங்கே வெட்டுகிறார்கள் என்று கேளுங்கள். இதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். நாற்காலியை உங்கள் உயரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள், முழங்கை தோளுக்கு மேல் போகக் கூடாது. நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்பு சுருட்டும், தடித்த அடிப்பாகம் உள்ள காலணி போடுங்கள். வெட்டிய குட்டை முடி விரலிடுக்குத் தோலில் குத்தி உள்ளே போய்ச் சீழ் வைப்பது இந்தத் தொழிலுக்கே உரிய தொல்லை. ஒவ்வொரு தலைக்கும் பிறகு விரலிடுக்கில் தேய்த்துக் கைகழுவினால் வராது.

கடை போடுகிற நாள் வந்தால் தொழில் பதிவு செய்கிற எஸ்எஸ்எம் ஆணையத்தில் பதிவு செய்யுங்கள், சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. சுங்கை சிப்புட்டுக்கு உரிமம் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில். பெயர்ப்பலகையில் மலாய் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பலகை அடிப்பதற்கு முன்பே வாசகத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள். நாற்காலி, கண்ணாடி, வாடகை முன்பணம் எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குக் குறைந்து முடியாது. சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கிற அரசு நிறுவனமான தெக்குனில் இந்தியச் சிறுதொழிலுக்கென்று ஸ்பூமி கடன் இருக்கிறது, வங்கிக்குப் போவதற்கு முன் அங்கே கேளுங்கள். அதுவரை முதலாளி நாற்காலியில் நிற்கும்போதே உங்கள் கையைத் தேடி வருகிறவர் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எண்ணி வாருங்கள். இருநூறைத் தாண்டினால் கடை பார்க்க ஆரம்பிக்கலாம், மீதி இருநூறு கடை திறந்தபின் வரும். முதலாளியின் வாடிக்கையாளரைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடையில் மட்டும் போய் உட்காராதீர்கள், ஊர் சின்னது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, கடை தேடிப் போவது. சம்பள ஞாயிறன்று போகாதீர்கள், முதலாளிக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பசியாறிவிட்டு வந்து அவர் பேப்பர் புரட்டுகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். மிஷினையும் பையையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், போனில் இருக்கிற படங்களையும் அவராகக் கேட்டாலொழியக் காட்டாதீர்கள். “அண்ணே, கத்திரி வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். அவர் துடைப்பத்தைக் காட்டினால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.